சயனைடு மேட்டில் காலை வெயில்

சென்னையின் கோட்டூர்புரமும் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. இரண்டுமே 13 பாகை வடக்கை ஒட்டிய ஊர்கள். என் குடியிருப்பின் மொட்டை மாடியில் மார்ச் மாதத்து வெயில் எந்தச் சாய்வில் விழுகிறதோ, அதே சாய்வில்தான் அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் இரும்புக் கோபுரங்கள் மேலும் விழும். தங்கவயல் 2 பாகை மேற்கே தள்ளி இருப்பதால் அங்கே சூரியன் வர எட்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். வித்தியாசமெல்லாம் காற்றில். இங்கே அடையாற்றின் ஈரமும் கடலின் ஈரமும் சேர்ந்து வெயிலைக் கொஞ்சம் பாலாக்கிவிடும். அங்கே 850 மீட்டருக்கு மேல் உயரம், வறண்ட காற்று. நிழலின் ஓரம் கத்தி வைத்து அறுத்த மாதிரி விழும்.

பிழைப்புக்காக நான் எடுத்தது கல்யாணப் படங்கள். மண்டபங்களில் ஃபிளாஷ் அடித்து அடித்து, எல்லார் முகத்தையும் ஒரே வெள்ளையாக்கி ஆல்பம் போட்டுக் கொடுத்தவன். தங்கவயலுக்குப் போகும்போது மட்டும் ஃபிளாஷை வீட்டில் வைத்துவிடுவேன். முக்காலி, ஒரு பழைய 50 மி.மீ. லென்ஸ், கழுத்தில் ஈரத்துண்டு. பெங்களூரு ரயிலில் பங்காருப்பேட்டையில் இறங்கி, அங்கிருந்து மாரிக்குப்பம் போகும் கிளைப்பாதை வண்டியில் ஏறினால் கோரமண்டல், ஊரகம், சாம்பியன் என்று நிலையப் பெயர்களே சுரங்கங்களின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு வரும். ஆண்டர்சன்பேட்டையில் என் மாமா இருக்கிறார். நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். தாத்தா காலத்தில் குடியாத்தம் பக்கத்திலிருந்து போன குடும்பம் எங்களுடையது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து அப்படிப் போன குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. பெரும்பாலும் நிலமில்லாத தலித் குடும்பங்கள். பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி, பாதாளத்துக்குப் போனவர்கள்.

கைவிடப்பட்ட சுரங்க ஊர்களைப் படம் எடுப்பது உலகமெங்கும் இன்று தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. நமீபியாவில் கோல்மன்ஸ்கோப் என்று ஓர் ஊர். 1908-ல் ரயில் பாதையில் மணல் அள்ளிக்கொண்டிருந்த சக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி கையில் வைரம் கிடைத்தது. அதைச் சுற்றி எழுந்த ஜெர்மானியக் குடியிருப்பு 1950-களில் காலியானது. இன்று அதன் அறைகளுக்குள் இடுப்பளவு பாலைவன மணல். உடைந்த ஜன்னல் வழியாகக் காலை வெயில் அந்த மணல்மேல் விழுவதை எடுக்காத படக்காரர் குறைவு. சிலியின் அட்டகாமாப் பாலைவனத்தில் வெடியுப்பு எடுத்த ஹம்பர்ஸ்டோன் 1960-ல் மூடப்பட்டு, 2005-ல் உலக மரபுச் சின்னமானது. கலிபோர்னியாவின் போடியை விழவும் விடாமல், புதுப்பிக்கவும் செய்யாமல் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்தப் படங்களை நானும் ரசித்துப் பார்ப்பவன்தான். அவற்றில் ஆள் இருக்கமாட்டார்கள். ஆள் இல்லாததுதான் அவற்றின் அழகென்று சொல்லிவிடுவார்கள்.

அந்த அழகை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து தங்கவயல்மேல் போர்த்துவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இணையத்தில் பார்க்கிற தங்கவயல் படங்களில் பாதி அப்படிப்பட்டவை. துருப்பிடித்த கோபுரம், கூரை போன ஆலை, மஞ்சள் மேடு, வெற்று வானம். ‘பேய் நகரம்’ என்று தலைப்பு. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அந்த ‘பேய் நகர’த்தில் இருந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். படக்காரர் அந்தக் கோபுரத்தை எடுக்க முக்காலி போட்ட இடத்துக்குப் பின்னால், நூறடி தள்ளி, யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

இந்த ஊரின் கதையை வெளிச்சத்தின் கதையாகவே சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1802-ல் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி, இந்தப் பக்கத்துக் கிராமத்தார் மண்ணைக் கழுவித் தங்கப் பொடி எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். அதைப் படித்துவிட்டு 1870-களில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தவர் மைக்கேல் லவெல், நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டுப் பெங்களூரில் ஓய்வெடுத்த அயர்லாந்துக்காரர். உரிமம் வாங்கினார், குழி தோண்டினார், பணம் போதவில்லை, கைமாற்றிவிட்டார். 1880-ல் லண்டனின் ஜான் டெய்லர் நிறுவனம் உள்ளே வந்த பிறகுதான் உண்மையான பட்டை அகப்பட்டது. மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரகம், நந்திதுர்க் என்று சுரங்கங்கள் வரிசையாகத் திறந்தன. 1894-ல் ரயில் வந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து தலைமுறை தலைமுறையாகச் சுரங்கம் கண்டவர்கள் மேஸ்திரிகளாக வந்தார்கள். பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம் எல்லாம் ஒரு பக்கம். மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய தொழிலாளர் லைன்கள் மறுபக்கம்.

பிறகு மின்சாரம். காவிரி சிவசமுத்திரத்தில் விழுகிற வேகத்தை மின்சாரமாக்கி, ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, 1902 ஜூன் 30 அன்று தங்கவயலுக்குக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு தூரத்துக்கு மின்சாரம் அனுப்புவது அப்போது உலகத்திலேயே அபூர்வம். பெங்களூர்த் தெருவிளக்குகள் எரிந்தது 1905-ல்தான். திட்டத்துக்கு முதுகெலும்பாக நின்ற திவான் சேஷாத்ரி ஐயர், சென்னையில் பட்டம் படித்தவர், மின்சாரம் வருவதற்குச் சில மாதங்கள் முன்பு 1901 செப்டம்பரில் இறந்துபோனார். அந்த மின்சாரம் வந்தது ஆட்களைச் சுரங்கத்தில் இறக்கி ஏற்றும் கேஜை இழுக்கவும், பாறையை நொறுக்கவும், தண்ணீர் இறைக்கவும். இந்தியாவின் முதல் பெரிய மின்தடம் ஒரு நகரத்து வீதிக்குப் போகாமல் ஒரு குழிக்குள் போனது என்பதை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லலாம்.

அந்தக் குழிக்குள் வெயில் கிடையாது. மாமா இதை ஒருமுறை சொன்ன விதம் மறக்காது. அதிகாலையில் நான் முக்காலியை நட்டு, கிழக்கே மேகம் விலகட்டும் என்று நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் பீடியோடு நின்றிருந்தார்.

“ஏன்டா, வெயிலு வரட்டும்னு இத்தினி நேரம் காத்துக்கினு கெடக்கிற? நாங்கல்லாம் பகல் ஷிப்டுல எறங்குனா, வெயிலு வரதும் தெரியாது, போறதும் தெரியாது. கேஜ் எறங்கச் சொல்லோ மேல ஒரு வட்டம் தெரியும். நாலணாக் காசாட்டம் சின்னதா ஆயி, அப்பறம் அதுவும் கெடையாது.”

சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அடியில் பாறையின் சூடு 60 பாகை செல்சியஸைத் தாண்டும். குளிர்ந்த காற்றை மேலிருந்து தள்ளினால்தான் மனிதன் நிற்க முடியும். திடீரென்று பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்துச் சிதறுவதை அவர்கள் ‘ஏர்பிளாஸ்ட்’ என்பார்கள். மேலே ஊரில் பாத்திரங்கள் ஆடும். ஆடினால் பெண்கள் ஷாஃப்டைப் பார்த்து ஓடுவார்கள். உடனே சாகாதவர்களுக்குப் பாறைத்தூள் இருந்தது. சிலிக்கோசிஸ் என்று மருத்துவர் எழுதுவார், லைனில் ‘மைன்ஸ் இருமல்’ என்று மாமா சொல்வார். என் தாத்தா அதில்தான் போனார்.

இருட்டுக்குள் படம் எடுப்பது எப்படி என்று அந்தக் காலத்திலேயே யோசித்தவர்கள் உண்டு. கார்ன்வாலில் பர்ரோ என்ற புகைப்படக்காரர் 1890-களின் தொடக்கத்தில் சுரங்கத்துக்குள் மக்னீசியம் கொளுத்தி எடுத்த படங்கள் புகழ்பெற்றவை. தொப்பியில் மெழுகுவத்தி ஒட்டிய தொழிலாளிகள், முகத்தில் வேர்வை, கண்ணில் ஒரு திகைப்பு. அவர்களுடைய ஊர்க்காரர்கள் நடத்திய தங்கவயல் சுரங்கங்களைப் பற்றிக் கம்பெனிகள் எடுத்து வைத்த படங்களில் நான் பார்த்தவரை ராஜா இயந்திரம்தான். புதுக் கோபுரம், புது ஆலை, கொதிகலன், அதிகாரிகளின் வரிசை. நம் ஆட்கள் ஓரத்தில் நிற்பார்கள், இயந்திரம் எவ்வளவு பெரியது என்று அளவு காட்டுவதற்கு. பெயர் இருக்காது.

தொழிலாளியின் அடையாளம் கம்பெனிக்குத் தேவைப்படவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. முகம் வேண்டாம், கைரேகை வேண்டும் என்றார்கள். தங்கம் திருட்டுப் போகிறது என்று தனிச் சட்டமே இருந்த இடம் அது. ஷிப்டு முடிந்து மேலே வருபவர்களைச் சோதனை போடுவார்கள். 1930-ல் எல்லாத் தொழிலாளியும் கைரேகை வைத்துப் பதிய வேண்டும் என்று கம்பெனிகள் சொன்னபோது, படிப்பில்லாதவர்கள் என்று நினைத்திருந்த கூட்டம் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தியது. மூன்று வாரம் சுரங்கங்கள் நின்றன. நாங்கள் குற்றவாளிகளா என்பதுதான் கேள்வி. தங்கவயலில் எடுக்கப்படாத படங்களில் நான் பார்க்க விரும்புவது இதைத்தான்: வேலைக்குப் போகாமல், பட்டப்பகல் வெயிலில், மைதானத்தில் கூடியிருந்த அத்தனை பேரையும்.

படிப்பில்லாதவர்கள் என்றது எவ்வளவு பொய் என்பதற்கு இன்னொரு சாட்சி சாம்பியன் ரீஃபின் அச்சகம். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் சென்னை ராயப்பேட்டையில் வேர்விட்டது. அவர் 1914-ல் மறைந்த பிறகு அது உயிரோடிருந்த ஊர்களில் முதன்மையானது தங்கவயல். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கங்கள் இருந்தன. நின்றுபோன அவருடைய ‘தமிழன்’ இதழை 1926-ல் அங்கிருந்துதான் மறுபடி கொண்டுவந்தார்கள். சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. பாறை உடைத்த கைகள் கொடுத்த காசில் அச்சான புத்தகங்கள் அவை. சென்னையில் உட்கார்ந்துகொண்டு தலித் வரலாறு பேசுகிற நாம், அந்த நூல்கள் நம் கைக்கு வந்த வழியில் ஒரு சுரங்க ஊர் இருந்ததை அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இருட்டிலும் ஒரு லாபம் இருந்தது, அது விஞ்ஞானிகளுக்கு. வானத்திலிருந்து கொட்டும் மற்றத் துகள்களையெல்லாம் இரண்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாறை தடுத்துவிடும், நியூட்ரினோவை மட்டும் தடுக்காது. டாடா ஆய்வு நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து சாம்பியன் ரீஃபின் ஆழத்தில் கருவிகளை இறக்கி, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை 1965-ல் கண்டார்கள். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் இது நடந்தது. துகள் கடக்கும்போது நியான் குழாய்கள் மின்னும், அந்த மின்னலைக் கேமரா பிடித்துக்கொள்ளும். தங்கவயலின் மிகச் சிறந்த புகைப்படக்காரர்கள் அந்த இயற்பியல்காரர்கள்தான் என்பது என் கட்சி. எந்த விளக்கும் போடாமல், துகள் தானே தந்த வெளிச்சத்தில் எடுத்தார்கள்.

முடிவு எல்லாரும் அறிந்தது. 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962-ல் மத்திய அரசுக்குப் போனது, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. ஆரம்பத்தில் டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், கடைசியில் 3 கிராம் அளவுக்கு இறங்கியது. 120 ஆண்டுகளில் மொத்தம் 800 டன் தங்கம் கொடுத்துவிட்டு, 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். பம்புகள் நின்றன. ஆழத்தில் தண்ணீர் ஏறிவிட்டது.

இப்போது மேலே மிஞ்சியிருப்பவற்றில் கண்ணுக்கு முதலில் படுவது சயனைடு மேடுகள். 1887-ல் ஸ்காட்லாந்தில் காப்புரிமை பெற்ற முறை அது. பாறைப் பொடியைச் சயனைடு கரைசலில் ஊறவைத்தால் தங்கம் பிரிந்து வரும், மிச்ச மண்ணைக் கொட்டிவிடுவார்கள். நூறு வருடம் கொட்டியதில் 13 பெரிய மேடுகள், 3 கோடி டன்னுக்கு மேல். பாலைவனம் இல்லாத ஊருக்குக் கம்பெனி செய்துகொடுத்த பாலைவனம் இதுதான். சினிமாக்காரர்களுக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. ‘கேஜிஎஃப்’ படத்தின் முதல் பாகத்துக்கு இங்கேதான் செட் போட்டார்கள். படம் 2018-ல் வந்தபிறகு, பைக்கில் வந்து மேட்டின் உச்சியில் நின்று கை விரித்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் கூட்டம் பெருகிவிட்டது. அந்தப் படத்தில் வரும் ஊருக்கும் இந்த ஊருக்கும் மூன்று எழுத்தைத் தவிர ஒற்றுமை இல்லை என்று மாமா வீட்டுத் தெருவில் எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான்.

மேடுகளை எடுப்பவருக்குத் தொழில் முறையில் ஒன்று சொல்லலாம். உச்சிப் பொழுதில் போகாதீர்கள். 13 பாகையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடுவான், நிழலே இருக்காது, மேடு வெறும் வெள்ளைச் சுவராகத் தட்டையாகிவிடும். சூரியன் எழுந்த முதல் முக்கால் மணி நேரம் பக்கவாட்டில் வெயில் வரும். அப்போதுதான் மழை அரித்த வாய்க்கால்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். அந்த வாய்க்கால்கள் எங்கே போகின்றன என்று கேமராவைக் கீழே திருப்பினால், லைன் வீடுகள்.

திருப்பவேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. ஆடிக் காற்றில் அந்த மண் கிளம்பி வீடுகளுக்குள் வரும். என் அத்தை அந்த மாதங்களில் சோற்றுப் பானையையும் தண்ணீர்க் குடத்தையும் மூடி, மூடிமேல் துணியும் போட்டு வைப்பார். அந்தச் சமையலறையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு உண்டு. காலை பத்து மணி வாக்கில் அதன் வழியாக வெயில் தூணாக இறங்கும், தூணுக்குள் தூசு சுழலும். கோல்மன்ஸ்கோப்பின் எந்த அறைக்கும் குறையாத வெளிச்சம். அதில் அத்தை உட்கார்ந்து கீரை ஆய்கிறார் என்பதுதான் வித்தியாசம். அந்தப் படத்தை ஒரு கண்காட்சிக்கு அனுப்பினேன். ஆள் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் ‘சக்தி’ வாய்ந்ததாக இருந்திருக்கும் என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார்கள்.

இயற்கை வெளிச்சத்தில் எடுப்பதில் எனக்குப் பிடித்தது அதன் மந்தம்தான். ஒரு இடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் ஊர் உங்களிடம் வந்து பேசும். “எந்த ஷாஃப்டு பாக்கணும்?” என்று ஒருவர் கேட்பார். தன் அப்பா எந்த மட்டத்தில் வேலை செய்தார் என்று இன்னொருவர் சொல்வார். பாதுகாப்பு வேலிக்குள் போகாதே, அனுமதி வேண்டும் என்று காவலாளி எச்சரித்துவிட்டு, தன் மாமனாரும் மைன்ஸ் என்று ஆரம்பிப்பார். இருட்டு விலகுவதற்கு முன்னால் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தால் ஊரின் இன்றைய ஷிப்டு தெரியும். சுரங்கம் மூடியபின் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். தாத்தாவைப் போலவே பேரனும் ஊரின் வெயிலைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

2024 ஜூனில் அந்த 13 மேடுகளையும் மறுபடி பதப்படுத்தி மிச்சத் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேலை நடந்தால் மேடுகள் கரையும். எனக்கு அதில் வருத்தமில்லை. அத்தை பானையை மூடாமல் இருந்தால் போதும். படக்காரர்கள் வேறு பாலைவனம் தேடிக்கொள்ளலாம்.

கரையக் கூடாத படங்கள் வேறிடத்தில் இருக்கின்றன. ஆண்டர்சன்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை ஸ்டுடியோக்களில், வடக்குப் பார்த்த ஜன்னலின் பகல் வெளிச்சத்தில், கடன் வாங்கிய கோட்டோடு நின்று எடுத்துக்கொண்ட குடும்பப் படங்கள். அவற்றில் பல வேலூர், குடியாத்தம், பெரம்பூர், சைதாப்பேட்டை வீடுகளின் இரும்புப் பெட்டிகளில் கிடக்கும். சென்னையில் தங்கவயல் வேர் உள்ள குடும்பங்கள் கொஞ்சமல்ல. உங்கள் வீட்டில் அப்படி ஒரு படம் இருந்தால் இந்த வாரமே வெளியே எடுங்கள். பின்பக்கம் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், எந்தச் சுரங்கம், எந்த வேலை என்று எழுதுங்கள். ஜன்னலோரம் நேர் வெயில் படாத இடத்தில் வைத்து, போன் கேமராவிலாவது ஒரு நகல் எடுத்து வையுங்கள். சுரங்கம் மூடிய நாளில் நாற்பதைத் தொட்டிருந்தவர்களுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. யார் யார் என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.